காய் கென் இறக்குமதிப் பெக்கேஜ்: ஒற்றைக் குட்டியை எடுக்கலாம், சோடி வேண்டாம்

ஜப்பானின் காய் கென் நாய்க்குட்டியைத் திருகோணமலையில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் கொழும்பு முகவர் ஒருவரின் சேவை பற்றிய மதிப்புரை இது. பெயர் எழுதவில்லை. ஏறக்குறைய இதே வாசகத்தோடு இதே சேவையை விற்கிறவர்கள் வேறும் உண்டு. யாரிடம் போனாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். இவர்களிடம் இரண்டு பெக்கேஜ் இருக்கிறது. ஒன்று ஒற்றைக் குட்டி. மற்றது "இனவிருத்திச் சோடி": ஒரே பண்ணையிலிருந்து ஒரு கடுவன், ஒரு பெட்டை, "அடுத்த வருடமே குட்டி" என்ற உறுதியோடு. முதலாவதை, கீழே சொல்லும் திருத்தங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நம்பி எடுக்கலாம். இரண்டாவதை அரை விலைக்குத் தந்தாலும் எடுக்கக் கூடாது.

நாயைப் பற்றி முதலில் கொஞ்சம். காய் என்பது இன்றைய யமனாஷி மாகாணத்தின் பழைய பெயர். அங்குள்ள மலைகளில் காட்டுப்பன்றி, மான், மலையாடு வேட்டைக்கு வைத்திருந்த நடுத்தர உயர நாய் இது. உடம்பு முழுக்கப் புலிவரி. இனத்தைக் காக்கும் சங்கமான காய் கென் ஐகோகாய் 1931இல் தொடங்கியது. 1934இல் ஜப்பானிய அரசு இந்த நாயை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. அகிதா, ஷிபா, கிஷு, ஷிகொக்கு, ஹொக்கைடோ என்ற மற்ற ஐந்தும் அதே பட்டியலில் இருக்கின்றன. கடுவன் தோளுயரம் 50 சென்ரிமீற்றர், பெட்டை 45, இரண்டிலும் 3 கூடலாம் குறையலாம்.

முகவரின் விலைப்பட்டியலில் கறுப்பு வரி, நடுத்தர வரி, சிவப்பு வரி மூன்றும் மூன்று தரங்கள் போலத் தனித்தனி விலையில் கிடக்கின்றன. அது பிழை. குரோதோரா, சூதோரா, அகாதோரா மூன்றும் நிறத்தின் பெயர்கள்தான்; தரத்தைக் காட்டுவதில்லை. அதோடு குட்டிகள் கருமையாகப் பிறந்து, வளர வளரத்தான் வரி வெளிக்கும். இரண்டு மாதக் குட்டியின் படத்தைப் பார்த்து நிறத்துக்குக் கூடுதல் காசு கட்டுவதில் அர்த்தமில்லை. அந்தக் காசைப் பரிசோதனைகளுக்குக் கேளுங்கள்.

கடதாசி விடயத்தில் முகவர் பாதி நன்று. இறக்குமதி அனுமதிப்பத்திரத்தைப் பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தில் விமானப் பதிவுக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். நிபந்தனைகளின் பிரதியையும் வாங்குபவரிடம் தருகிறார்கள். அனுமதிப்பத்திரம் கைக்கு வராமல் நாயை விமானத்தில் ஏற்றவே கூடாது என்பதால் இந்த ஒழுங்கு முக்கியம். ஜப்பான் பக்கத்தில் விலங்குத் தனிமைப்படுத்தல் சேவையின் ஏற்றுமதிப் பரிசோதனைச் சான்று வேண்டும். அதுவும் பெக்கேஜில் அடக்கம்.

தவறுவது வம்சாவளிச் சான்றில். "பெடிகிரி உண்டு" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பெடிகிரி? ஜப்பான் கென்னல் கிளப், சுருக்கமாக ஜேகேசி, பல நாட்டு நாய்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்சிஐயின் உறுப்பினர். அதன் ஏற்றுமதி வம்சாவளிச் சான்று இருந்தால்தான் வேறு நாட்டு எஃப்சிஐ பதிவேடுகளில் நாயையும் அதன் குட்டிகளையும் பதிவது இலகு. காய் கென் ஐகோகாயின் சான்று இனத்துக்குள் மிக மதிப்பானது. வேட்டை வரிசைகள் அங்கேதான் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. ஆனால் அது எஃப்சிஐ குடைக்குள் வராது. வீட்டு நாயாக மட்டும் வளர்ப்பவருக்கு எதுவும் போதும். பின்னொரு நாள் குட்டி எடுக்கும் எண்ணம் ஒரு துளி இருந்தாலும், ஜேகேசி ஏற்றுமதிச் சான்று, உங்கள் பெயருக்கு உரிமை மாற்றியது, என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். நாய் வந்து இறங்கிய பிறகு இதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

மைக்ரோசிப் இன்னொன்று. ஜப்பானில் 2022 ஜூன் முதல் வளர்ப்பாளரும் விற்பனையாளரும் சிப் பொருத்துவது கட்டாயம். 15 இலக்கங்கள், ஜப்பானின் நாட்டுக்குறி 392. வேறு இலக்கத்தில் தொடங்கினால் காரணம் கேட்க வேண்டும். சிப், தடுப்பூசிப் புத்தகம், வம்சாவளிச் சான்று, ஏற்றுமதிப் பரிசோதனைச் சான்று நான்கிலும் அதே 15 இலக்கமும் வருகிறதா என்று விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அந்தச் சான்று இந்த நாயுடையது அல்ல என்றாகிவிடும். விசர்நாய்த் தடுப்பூசி போடும் தேதிக்கு முன்பே சிப் பொருத்தியிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். ஊசி போட்ட நாய் எது என்பதற்கு சிப் ஒன்றுதான் சாட்சி.

ஜப்பானியச் சட்டப்படி, நாய் விற்பவர் வாங்குபவருக்கு நாயை நேரில் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும். கடல் கடந்து வாங்கும்போது அந்த "வாங்குபவர்" யார் என்று முகவரிடம் கேளுங்கள். தன் பெயரில் வாங்கி மறுவிற்பனை செய்பவரா, உங்கள் சார்பில் போய்ப் பார்ப்பவரா? முதலாமவர் என்றால் வளர்ப்பாளருக்கும் உங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் போகலாம். அரிய இனத்தில் அந்தத் தொடர்புதான் பொக்கிஷம். தாய் தகப்பன் எப்படிப்பட்டவை, கூடப் பிறந்தவை இப்போது எப்படி இருக்கின்றன என்று 5 வருடம் கழித்துக் கேட்க ஆள் வேண்டும். இந்த முகவர் கேட்டால் வளர்ப்பாளரின் விபரம் தருகிறார், கேட்காவிட்டால் தருவதில்லை.

குட்டி வந்து சேரும் வயதைப் பற்றி விளம்பரம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. படத்திலே இருப்பது 8 வாரக் குட்டி. வருவது அதுவல்ல. ஜப்பானில் விசர்நாய்த் தடுப்பூசி பொதுவாக 91 நாளுக்குப் பிறகு. அதன் மேல் அனுமதிப்பத்திரம் கேட்கும் காத்திருப்பு நாட்கள். விமானப் பதிவு இன்னும் சில நாள். ஆக உங்கள் கைக்கு வரும்போது 4 மாதம் தாண்டியிருக்கும். நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும் காலம் 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை. அது முழுக்க யமனாஷியில் ஒரு பண்ணைக் கூட்டில் கழிந்திருக்கும். இயல்பிலேயே அந்நியரிடம் ஒதுங்கி நிற்கும் இனம். அந்த வாரங்களில் கூட்டை விட்டு வெளியே வராத காய் கென், மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் கோயில் வெடிக்கும் கட்டிலுக்கடியில் போய்விடும். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: 6ஆம் வாரத்திலிருந்து குட்டியை வீட்டுக்குள்ளும் வாகனத்திலும் பழக்கியதற்கு வாரம் ஒரு காணொளி. நல்ல வளர்ப்பாளர் மறுக்க மாட்டார். விமானத்தில் ஏற்றும் கூட்டையும் ஒரு மாதம் முன்பே அனுப்பி, அதற்குள்ளேயே சாப்பாடு வைத்துப் பழக்கச் சொல்லுங்கள்.

கூட்டு அளவில் முகவர் எடையை வைத்து "மீடியம்" என்று முடிவு செய்கிறார். பிழை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் விதி அளவு கேட்கிறது, எடையை அல்ல. நான்கு அளவு எடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்று, நிலத்திலிருந்து முழங்கை வரை இரண்டு, தோளின் அகலம் மூன்று, நிற்கும்போது நிலத்திலிருந்து காது நுனி வரை நான்கு. கூட்டின் உள் நீளம் முதலாவதோடு இரண்டாவதில் பாதி; அகலம் மூன்றாவதின் இரு மடங்கு; உயரம் நான்காவதோடு படுக்கையின் தடிப்பு. அதாவது 62, 24, 17, 48 சென்ரிமீற்றர் உள்ள குட்டிக்கு நீளம் 74, அகலம் 34, உயரம் 48க்கு மேல் படுக்கை. ஆனால் இந்த வயதில் குட்டி வாரத்துக்கு வாரம் வளரும். பதிவு செய்த நாள் அளவை விமான நாளுக்கு வைத்தால் காது கூரையில் இடிக்கும், நிலையத்திலேயே ஏற்ற மறுப்பார்கள். அளவை விமானத்துக்கு முந்திய வாரம் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். மேல் கீழ் பாதிகளை இணைப்பது பிளாஸ்டிக் கொளுக்கியாக இல்லாமல் இரும்பு நட், போல்டாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவில் மாட்டி, வெளியிலிருந்தே ஊற்றக்கூடியதாக, முதல் நாள் இரவே உறைய வைத்ததாக இருந்தால் ஏற்றும்போது சிந்தாது. உருக உருக நக்கும். மயக்க மருந்து கொடுக்கவே கூடாது. ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்திலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய 9 மணித்தியாலம். அதைத்தான் கேளுங்கள். இடையில் விமானம் மாற்றும் மலிவான பாதையில் ஓடுதளத்து வெயிலில் கூடு நிற்கும்.

இந்தச் சேவையில் மிக நன்றான பகுதி கட்டுநாயக்கவிலிருந்து திருகோணமலை வரையானது. ஏசி வான், இரண்டு பேர், நேராகக் குருநாகல், தம்புள்ள, ஹபரண, கந்தளாய். மாலையில் இறங்கும் நாயை அன்றிரவே கொண்டுவர மாட்டோம் என்கிறார்கள். அது மிகச் சரியான முடிவு. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இரவில் யானை வீதிக்கு வரும். களைத்த ஓட்டுநர், பயந்த நாய், இருட்டு மூன்றும் சேரக் கூடாது. விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதி வழி வந்துவிடலாம். வழியில் ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சிறுநீர் கழிக்கவென்று வீதியோரத்தில் கூட்டுக் கதவைத் திறக்கக் கூடாது. 20 மணித்தியாலம் அடைபட்ட குட்டி கதவு இடுக்கால் மீன் போல வழுகிப் போகும்; பெயர் தெரியாத, பாஷை தெரியாத நாயை தம்புள்ளையில் எங்கே தேடுவது? வானின் கதவுகளைச் சாத்தி, உள்ளே வைத்தே நெஞ்சுப் பட்டியும் கழுத்தில் இறுகும் கயிறும் இரண்டும் மாட்டி, பிறகுதான் இறக்க வேண்டும்.

இனித் திருகோணமலை. "ஜப்பான் குளிர்நாட்டு நாய், இங்கே தாங்காது" என்பதும் சரியில்லை, முகவர் சொல்வது போல "எந்தக் காலநிலைக்கும் ஏற்றது" என்பதும் சரியில்லை. யமனாஷியின் தலைநகரான கொஃபுவில் 2013 ஆகஸ்ட் 10ஆம் திகதி 40.7 பாகை பதிவானது. வெயிலை இந்த நாய் அறியும். ஆனால் அங்கே பின்னால் பனிக்காலம் வரும், இங்கே வராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புவெளியிலோ உவர்மலையிலோ இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. நாய் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட முடியாமல் போவதுதான் ஆபத்து. குளிர்ந்த சீமெந்துத் தரை, மேலே மின்விசிறி, காற்றோட்டமான நிழல் கட்டாயம். நடை காலை ஆறரைக்கு முன் முடியட்டும். உரோமத்தை வழிக்கக் கூடாது. இரட்டை அடுக்கு உரோமம் வெயிலையும் தடுக்கிறது. வழித்தால் தோல் பொசுங்கும், உரோமம் சீராக வளராமலும் போகும். உள் அடுக்கை வாரத்துக்கு இரு முறை வாரி எடுத்தால் போதும். மலக்குடல் வெப்பம் 40 பாகை தாண்டினால் உடம்பை நனைத்து விசிறிக்குக் கீழே போட்டபடியே மிருக வைத்தியருக்கு அழையுங்கள்.

உண்ணி இன்னொரு பெரிய பகை. எர்லிக்கியா, பபேசியா என்ற இரத்த நோய்கள் உண்ணியால் வருகின்றன. கட்டாக்காலி நாய்கள் உள்ள ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்ணி இருக்கிறது. நெக்ஸ்கார்ட் போன்ற மாத மாத்திரையைக் குட்டி ஜப்பானில் இருக்கும்போதே தொடங்கச் சொல்லுங்கள், இங்கே வந்த பிறகல்ல. நுளம்பு பரப்பும் டைரோஃபிலாரியா என்ற புழுவுக்கும் மாத மருந்து தனியாகத் தேவை. பெக்கேஜில் இரண்டும் இல்லை. சேர்க்கக் கேட்டால் சேர்க்கிறார்கள்.

திருகோணமலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிரட்ரிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் ஆடு மாடு போல உலாவுகின்றன. தலைமுறை தலைமுறையாக மான் துரத்திய நாய்க்கு இதைப் போல் சோதனை வேறில்லை. கயிறில்லாத நடை இந்த ஊரில் இந்த நாய்க்கு ஒருநாளும் இல்லை. எத்தனை வருடம் பழக்கினாலும் இல்லை. மதில் 6 அடி போதும் என்று நினைத்துவிட வேண்டாம். மரமேறும் நாய் என்றே காய் கென்னுக்குப் பெயர். மதிலோரம் சாய்ந்து நிற்கும் மாமரமோ கொய்யாவோ அதற்கு ஏணி. தாழ்ந்த கிளைகளைத் தறித்து, அடிமரத்தில் 5 அடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரம் சுற்றுங்கள்.

சாப்பாட்டில் வெங்காயம். எந்த நாய்க்குமே கூடாதுதான். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கப் போதும். சம்பலும் சொதியும் பருப்பும் குழைத்த மிச்சச் சோற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. அகிதா, ஷிபா போன்ற ஜப்பானிய இனங்களில் சிவப்பணுக்களுக்குள் பொற்றாசியம் வழக்கத்தை விட மிக அதிகமாக உள்ள நாய்கள் உண்டு. அந்த அணுக்கள் வெங்காயத்துக்கு மேலும் இலகுவாக உடைகின்றன. காய் கென் வைத்திருப்பவரும் இதை நினைவில் வைப்பது நல்லது, இரத்தப் பரிசோதனை நாளில் முக்கியமாக. இரத்தத்தை எடுத்து அப்படியே கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பினால், வழியில் அணுக்கள் கசிந்து பொற்றாசியம் உயிருக்கு ஆபத்தான அளவில் காட்டும். நாயோ வாலாட்டிக்கொண்டு நிற்கும். எடுத்த உடனே சுழற்றி, சீரத்தைப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படியும் கூடக் காட்டினால் ஈசிஜி எடுத்த பிறகுதான் சிகிச்சை.

சோடிப் பெக்கேஜுக்கு வருவோம். ஒரே பண்ணையின் கடுவனும் பெட்டையும் என்றால் பெரும்பாலும் சொந்தம்தான். கூடப் பிறந்தவற்றின் குட்டிகளுக்கு உள்ளினச்சேர்க்கைக் குணகம், அதாவது சொந்தத்துக்குள் சேர்ந்த அளவு, 25 சதவீதம், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானால் 12.5, ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் 6.25. அதுவும் மேல் தலைமுறைகளில் வேறு சொந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டால். காய் கென் ஏற்கெனவே சிறிய கூட்டம். மேலேயும் சொந்தம் இருக்கும். முகவரிடம் இரண்டு நாய்களின் வம்சாவளியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கக் கேட்டால், ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் தருவோம் என்கிறார். இந்த ஒரு பதிலே போதும் மறுக்க.

சரி, சொந்தமே இல்லை என்று வைப்போம். அப்போதும் ஒரு சோடி ஒரு இனமாகாது. முதல் ஈற்றுக் குட்டிகள் எல்லாம் உடன்பிறப்புகள். அவற்றுக்குத் துணை இலங்கையில் எங்கே? வாங்கியவர்கள் அவற்றையே ஒன்றோடொன்று சேர்ப்பார்கள், இல்லை வேறு இனத்தோடு சேர்த்து "ஜப்பான் கிராஸ்" என்று விற்பார்கள். "அடுத்த வருடமே குட்டி" என்பது அதைவிட மோசம். பெட்டை ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் இடுப்பு எக்ஸ்ரேக்கு, நாய்களின் மூட்டு நலத்தைத் தரப்படுத்தும் அமெரிக்க அமைப்பான ஓஎஃப்ஏ இறுதித் தரம் கொடுப்பது 24 மாதத்துக்குப் பிறகு. முழங்கால் சில்லு நழுவல், கண், குணம் எல்லாம் தெரிய வருவதும் அந்த வயதில்தான். ஒரே வளவில் கடுவனையும் வைத்துக்கொண்டு அதுவரை காப்பது எவ்வளவு கடினம் என்று நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஜப்பானிலேயே 2021 விதிகளின்படி தொழில்முறை வளர்ப்பாளர் ஒரு பெட்டையிடம் வாழ்நாளில் 6 ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. இணை சேர்ப்பது பொதுவாக 6 வயது வரைதான். முகவரின் விளம்பரத்திலுள்ள "வருடத்துக்கு இரு ஈற்று" கணக்கு அந்த எல்லையை 3 வருடத்தில் முடித்துவிடும்.

"எல்லாப் பரிசோதனையும் செய்தது" என்ற வரியையும் அப்படியே எடுக்காதீர்கள். எது, எப்போது, எந்த ஆய்வகம்? இவர்கள் ஷிபாவும் இறக்குகிறார்கள். ஷிபாவுக்கு ஜிஎம்1 கங்லியோசிடோசிஸ் என்ற பரம்பரை நரம்பு நோய்க்கான மரபணுச் சோதனை இல்லாமல் இனவிருத்திப் பேச்சே இருக்கக் கூடாது. நோயுள்ள குட்டி 5, 6 மாதத்தில் தள்ளாடத் தொடங்கி ஒன்றரை வயதைக் காணாது. பெற்றோர் இருவரும் வெளியே நலமாகத் தெரிந்தபடி நோய் மரபணுவைச் சுமக்கும் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

உண்மையாகவே குட்டி எடுக்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது, மெதுவான வழி. ஒரு பெட்டையை இறக்குங்கள். 2 வயது வரை வளருங்கள். இடுப்பு, முழங்கால், கண், எர்லிக்கியா, இணை சேரும்போது தொற்றும் புரூசெல்லா எல்லாம் பாருங்கள். ஒன்று சரியில்லாவிட்டாலும் கருத்தடை செய்து வீட்டுச் செல்லமாக வைத்திருங்கள். எல்லாம் சரியென்றால், ஜப்பான் வளர்ப்பாளரிடமே கேட்டு வேறு வரிசையில் ஒரு கடுவனைத் தேர்ந்தெடுங்கள். இணை சேர்க்கும் நாளை இரத்தத்திலுள்ள புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் சொல்லும். மில்லிலீற்றருக்கு 2 நனோகிராம் அளவில், முட்டை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹோர்மோனின் எழுச்சி, 5 அளவில் முட்டை வெளியேற்றம், அதிலிருந்து இரண்டாம் மூன்றாம் நாள் சேர்க்கை. முட்டை வெளியேறிய நாளிலிருந்து 63 நாளில், ஒரு நாள் முன்பின்னாக, ஈனும். 55ஆம் நாளுக்குப் பின் எக்ஸ்ரேயில் மண்டையோடுகளை எண்ணி வைத்தால், ஈனும் இரவில் உள்ளே இன்னும் ஒன்று கிடக்கிறதா என்று தவிக்க வேண்டியதில்லை. ஈனும் பெட்டிக்கு முதல் வாரம் 29 முதல் 32 பாகை வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கச்சான் காலத்தில் நமது அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். வெப்ப விளக்கு தொங்கவிட்டால் குட்டிகள் வாடிவிடும். வாடைக்காலத்து மழை இரவில் மட்டும், பெட்டியின் ஒரு மூலைக்கு. குட்டிகளைக் காலையில் ஒரே நேரத்தில் நிறுங்கள். முதல் நாளைவிட ஏறாத குட்டிக்கு அன்றே உதவி வேண்டும்.

விலை பேசும்போது மூன்று தவணை கேளுங்கள். இந்த முகவர் ஒத்துக்கொள்கிறார். முதலாவது அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும். இரண்டாவது வம்சாவளிச் சான்றின் தெளிவான படமும் தடுப்பூசிப் பக்கமும் வந்ததும். கடைசித் தவணையை வீட்டு வாசலில், மிருக வைத்தியரின் சிப் வாசிப்பான் காட்டும் இலக்கமும் சான்றுகளிலுள்ள இலக்கமும் 15உம் பொருந்திய பிறகு கொடுங்கள்.